பதினோராவது இறக்கம்

போன செவ்வாய்க்கிழமை காலை, மாநகராட்சி என்ஜினியர் ஒருவர் என் வீட்டு வாசலில் சிவப்புப் பெயின்ட்டால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார். ஆக்கிரமிப்பாம்! அகற்ற ஏழு நாள் கெடு.

ஆபீஸுக்கு நடையாய் நடந்து அவரைக் கூட்டி வந்தது யார் என்கிறீர்கள்? சாட்சாத் நானேதான்.

முதலிலிருந்து சொல்கிறேன். மெயின் ரோட்டு நெரிசலுக்குப் பயந்து சாஃப்ட்வேர் கம்பெனி கேப்கள் ஹைதராபாத் ஹப்சிகுடாவில் எங்கள் தெருவைக் குறுக்குவழி ஆக்கிக்கொண்டு இரண்டு வருஷம் ஆகிறது. காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் பத்து வரை ஓயாது. தெருவில் பிளாட்பாரம் உண்டு. அதில் நடப்பதுதான் முடியாது. ஒரு வீட்டில் கார் ஏறச் சாய்தளம், அடுத்த வீட்டில் ஜெனரேட்டர், அதற்கடுத்து நிரந்தரமாக ஒரு மணல் குவியல். நம்மைப் போன்றவர்கள் சட்டென்று ரோட்டில் இறங்கி நடந்துவிடுவோம்.

மெர்ஸி டீச்சரால் அது முடியாது.

தெருக்கோடியில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் வேர்விட்ட தமிழ்க் குடும்பம். உப்பலில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். சின்ன வயதில் போலியோ தாக்கிய இடது காலில் இரும்புக் காலிப்பர், கையில் ஊன்றுகோல். பஸ் ஸ்டாப் வருவதற்குள் அந்த உயரமான பிளாட்பாரத்திலிருந்து இறங்கி, கேப்களுக்கு நடுவே நடந்து, மறுபடி ஏறி... ஒவ்வொரு இறக்கமும் ஒரு கண்டம்.

ஒன்றரை மாதம் முன்பு அது நடந்தே விட்டது. ஒரு கேப்பின் பக்கவாட்டுக் கண்ணாடி ஊன்றுகோலைத் தட்டிவிட, என் வீட்டு வாசலிலேயே விழுந்தார். முழங்கையில் நாலு தையல். ஓடிப்போய்த் தூக்கியதும் நான்தான். டிரைவரைத் தமிழ், தெலுங்கு, இந்தி என்று மும்மொழித் திட்டத்தில் வறுத்தெடுத்ததும் நான்தான்.

அன்று சாயங்காலமே அவர் தம்பி சொல்லிவிட்டார் — வருஷப் பரீட்சை முடிந்ததும் வேலையை விட்டுவிட வேண்டும். "ஆட்டோ வெச்சுக்கலாமே டீச்சர்" என்று நானும் ஒரு யோசனை சொன்னேன்.

"நக்கோ அக்கா." வேண்டாம் என்பதை அவர் இப்படித்தான் சொல்வார். "இருபது வருஷமா என் காலால நடந்துதான் ஸ்கூலுக்குப் போறேன். ரோடு சரியில்லைன்னா ரோட்டைச் சரி பண்ணணும். என்னைக் கைக்கு வீட்ல உக்கார வைக்கிறாங்க?"

கைக்கு? ஏன்? கோபம்தான் வந்தது. அன்றைக்கே மனு எழுத உட்கார்ந்தேன்.

"எத்தனை இடத்துல இறங்கி ஏறணும் டீச்சர்?"

"பதினொண்ணு" என்றார், யோசிக்காமல்.

மறுநாள் நோட்டுத் தாளில் கதவு எண் வாரியாகப் பட்டியல் எழுதிக் கொடுத்தார். எண்ணினேன். பத்துதான் இருந்தது! கணக்கு டீச்சரே கணக்கில் கோட்டை விடுவதா? பாவம், விழுந்த அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டு மனுவில் 'பத்து இடங்கள்' என்று திருத்தினேன். கணக்கு டீச்சரையே திருத்திய பெருமை வேறு.

வீடு வீடாகக் கையெழுத்து வேட்டை. ஒருவர்கூட மறுக்கவில்லை. தெருவிலேயே பெரிய சாய்தளத்துக்குச் சொந்தக்காரரான பக்கத்து வீட்டு ராவ்காரு ('காரு' தெலுங்கு மரியாதை) இரண்டாவது கையெழுத்துப் போட்டார்! ஆக்கிரமிப்பு என்றால் அடுத்தவர் செய்வது என்பதில் நம் ஜனங்களுக்கு எப்போதும் சந்தேகமே கிடையாது.

மாநகராட்சி ஆபீஸுக்கு ஐந்து முறை போனேன். "சார் மீட்டிங்ல இருக்கார்", "சார் ஃபீல்டுக்குப் போயிருக்கார்"... ஆறாவது முறை சாப்பாட்டு டப்பாவோடு போய் அவர் அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்த மெர்ஸி டீச்சர், டெஸ்ட் பேப்பர் திருத்திக்கொண்டு. மூன்று மணிக்கு என்ஜினியர் வெளியே வந்தார். டப்பாவைப் பார்த்தார், பேப்பர் கட்டைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றார்.

வந்தார். மெயின் ரோட்டுப் பக்கமிருந்து வந்தார். அந்தப் பக்கமிருந்து வந்தால் முதல் வீடு எங்களுடையது. டேப்பை நீட்டியவர் அப்படியே நின்றார்.

"இது என்னம்மா?"

"அது... கருவேப்பிலைச் செடி சார்."

ஆமாம், இதே பத்திரிகைப் பத்தியில் முன்பு இரண்டு முறை நான் பீற்றிக்கொண்ட அதே செடிதான். காம்பவுண்டுச் சுவரை ஒட்டி பிளாட்பாரத்தில் நட்டது. சுற்றிலும் செங்கல் பாத்தி. ஆடு மேயாமலிருக்க இரும்பு வேலி. மத்திய அரசு ஆராய்ச்சிக்கூட விஞ்ஞானியான என் கணவரே டிசைன் செய்தது, பூகம்பம் வந்தாலும் அசையாது. தெருவுக்கே இலை கொடுக்கிற புண்ணிய காரியம். அதுவா ஆக்கிரமிப்பு?

"செடி ஓரமாத்தான் நிக்குது. வேலிதான் வழியை மொத்தமா அடைச்சிருக்கு" என்றார் தெலுங்கில். பெயின்ட் டப்பாக்காரருக்குக் கண் காட்டினார்.

தெருக்கோடி வரை வாசலுக்கு வாசல் குறி போட்டுக்கொண்டே போய்த் திரும்பி வந்து மனுவைப் புரட்டினார். "பத்துன்னு எழுதியிருக்கீங்க. பதினொண்ணு இருக்கே?"

அன்றும் லீவு போட்டுக் கூட வந்திருந்த மெர்ஸி டீச்சர் தன் ஊன்றுகோலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கணக்கு தப்பவில்லை. பட்டியலில் இல்லாத பதினொன்றாவது என் வீடு. அன்று அவர் ரோட்டில் இறங்கியதே என் வேலியால்தான். விழ வைத்துவிட்டு, தூக்கியும் விட்டு, டிரைவரையும் திட்டி, தெருவில் நல்ல பெயரும் வாங்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

"ஏன் டீச்சர் சொல்லலை?"

"எப்படி அக்கா சொல்றது? எனக்காக மனு எழுதுறது நீங்க. வாராவாரம் அந்தச் செடியில இலை பறிக்கிறது நானு. பத்து போனா போதும், ஒண்ணை நான் சமாளிச்சுக்கலாம்னு இருந்துட்டேன்."

சமாளிப்பாராம்! நாலு தையல் போட வைத்த ஒன்றை.

ராவ்காரு தன் சாய்தளத்தில் நின்றபடி சிரித்தார். "முதல்ல உங்களுது போகட்டும் மேடம். அப்புறம் நாங்க யோசிக்கிறோம்." அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் எரிச்சலாக இருந்தது.

வீட்டில் கணவர் சமரசம் பேசினார். "பாதி வேலியை மட்டும் வெட்டிடலாமே? போன பொங்கலுக்குத்தானே பெயின்ட் அடிச்சேன்?"

"பாதி வழியில யாரால நடக்க முடியும்?" என்றேன். மனிதர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

கெடு முடியும் வரை காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வெல்டிங் பட்டறை ஆள் வந்து வேலியை அறுத்தார். பால்கனிகளில் நல்ல கூட்டம். செங்கல் பாத்தியை நானே கடப்பாரையால் பெயர்த்தேன். முதுகு இன்னும் நிமிரவில்லை. அதுவரை பேப்பருக்குள் முகத்தை வைத்திருந்த கணவர், கடைசியில் தானே வந்து மண்ணை வாரி, தரையைச் சமன் செய்தார். ஸ்பிரிட் லெவல் வைத்து!

அன்று மத்தியானமே எங்கிருந்தோ ஓர் ஆடு வந்து கீழ்க்கிளைகளை மொட்டையடித்துவிட்டுப் போனது. போகட்டும், துளிர்க்கும்.

திங்கட்கிழமை எட்டே கால். வாசலில் நின்றேன். மெர்ஸி டீச்சர் ராவ்காரு வீட்டருகே இறங்கினார். ஒரு கேப் ஹாரன் அடித்தது. நின்று, ஏறினார். என் வீடு வந்தது. இறங்கவில்லை. காலிப்பர் டக் டக்கென்று நேராகப் போனது. செடியைத் தாண்டியதும் திரும்பினார்.

"இன்னிக்குப் பத்துதான் அக்கா!"

போர்ட்டிகோவில் உட்கார்ந்திருந்த ராவ்காருவுக்கும் கேட்கட்டும் என்று தெலுங்கிலும் ஒரு முறை சத்தமாகச் சொன்னார். அவர் பேப்பரை இறக்கித் தன் சாய்தளத்தைப் பார்த்தார்.

டீச்சரின் தம்பி வைத்த கெடுவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. மீதிப் பத்தையும் அகற்றச் சொல்லி, அடுத்த வாரம் சாப்பாட்டு டப்பாவோடு மறுபடி அந்தப் பெஞ்சுக்குப் போகிறோம். நான் மனுவில் எழுதிய 'பத்து' இப்போதுதான் சரியான கணக்காகியிருக்கிறது...

அதைத் தப்பாக்காமல் விடுவதாக இல்லை!