மருந்து அடிக்காமல் விட்ட செடி

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதம், ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்கள் காப்பித் தோட்டத்தில் நடந்தது இது. பிள்ளைகளே, நான் ஒன்பதாவது வரைதான் படித்தவன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் வெளியூரில் பயிர் நோய் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். நெல்லைத் தாக்கும் பூஞ்சைதான் அவள் பாடம். அதற்கு முந்தைய பொங்கலுக்கு வந்தவள், வேலியோரக் காப்பிச் செடி ஒன்றின் முன் உட்கார்ந்து, இலையைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த ஆரஞ்சுப் பொடியைக் காட்டினாள். இலைத்துரு நோய். அந்தப் பொடி பூஞ்சையின் விதை மாதிரியாம். ஈரத்தில் முளைத்து, இலை மூச்சு விடும் சின்ன ஓட்டை வழியாக உள்ளே புகுந்து, சத்தைத் தின்னுமாம்.

“வெயில்ல செத்துப் போகாதா கண்ணு?”

“வெயில் பட்டா அதுக்குள்ள இருக்கிற டிஎன்ஏ கெட்டுப்போகுமுங்கப்பா. ஆனா பூஞ்சை லேசுப்பட்டதில்லீங்க. வளர்றத நிறுத்தி, கெட்டதச் சரிபண்ணிட்டு, மறுபடி வளரும். எப்படிச் சரிபண்ணுதுன்னு பாக்கறதுதானுங்க எனக்கு வேலை.”

அன்று காலை முழுக்க என்னோடு பேசினாள். அவள் அப்படிப் பேசி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

அப்புறம் அவள் வரவேயில்லை. போனில் இரண்டு நிமிடம், அவ்வளவுதான். கார்த்திகை மழையில் மறுபடி துரு வந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தை எல்லாச் செடிக்கும் அடித்தேன். வேலியோரச் செடியை மட்டும் விட்டுவிட்டேன். அதைப் பார்க்கவாவது வருவாள் என்று ஒரு நினைப்பு.

“நீ பாத்த செடியில நொம்ப வந்திருக்குது கண்ணு” என்றேன்.

“போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா” என்றாள்.

அனுப்பினேன். அடுத்த வாரம் வருவாள், அதற்கடுத்த வாரம் வருவாள் என்று தினமும் அந்த இலைகளைத் திருப்பிப் பார்த்தேன். வெயில் வந்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூஞ்சை இருப்பதோ இலைக்கு அடியில். இலையே அதற்குக் குடை!

மார்கழியில் பழம் பறிக்க எங்கள் பக்கம் மாற்றாள் போவோம். அவர்கள் தோட்டத்தில் நாங்கள், எங்கள் தோட்டத்தில் அவர்கள். பொடி ஒட்டிய சட்டையோடுதான் பக்கத்துத் தோட்டத்து அக்காவுக்குப் பறித்துக் கொடுத்தேன். அங்கே அதுவரை நோயே இல்லை. அதனால் அவர் மருந்தும் அடித்திருக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அக்கா ஒரு கொத்து இலையோடு வந்தார். இலையெல்லாம் அதே பொடி.

“ஏனுங்க தம்பி, மஞ்சப்பொடி எங்களுக்கும் சேத்து அரைச்சுட்டீங்களாட்டம் இருக்குது?”

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பில்லை. அந்தக் காப்பியை நம்பித்தான் அவர் குடும்பம். காற்றும் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் காற்றின் மேல் பழியைப் போட எனக்கு வாய் வரவில்லை. வேலியோரச் செடியை ஏன் விட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா கையிலிருந்த இலைக் கொத்தைத் திண்ணையில் வைத்தார்.

“செடிய நோவுல போட்டுட்டுப் புள்ளையக் கூப்புடுவாங்களா தம்பி? வா கண்ணுன்னு வாயத் தொறந்து சொன்னா ஆகாதுங்களா?”

அன்றே செடியின் இலைகளையெல்லாம் உருவி எரித்தேன். பிறகு போன் போட்டேன். “செடிக்காக இல்ல கண்ணு. எனக்கு உன்னையப் பாக்கணும்னு இருக்குது.” சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். நாங்கள் இருவரும் அக்காவின் தோட்டத்துக்கு மருந்து அடித்தோம். உதிர்ந்த இலை உதிர்ந்ததுதான். அடுத்த வருடம் அவருக்குப் பாதிக் காப்பிதான் வந்தது. ஆனாலும் எங்களை மாற்றாள் கூப்பிடுவதை அவர் நிறுத்தவில்லை.

மகள் இப்போதும் தூரத்தில்தான் இருக்கிறாள். துளிர்த்து நிற்கும் அந்த வேலியோரச் செடியைத் தாண்டும்போதெல்லாம், “வா கண்ணு” என்ற ஒரு வார்த்தையைச் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு மழைக்காலம் முழுக்க நோயை வளர்த்தேனே என்று நினைத்துக்கொள்கிறேன்; உடனே போனை எடுத்துவிடுகிறேன்.