ஊமை ஓடை

"கோலை ஆட்டாதீங்கக்கா!"

மேலே அளவுக் கருவிக்குள் பார்த்துக்கொண்டிருந்த அமிர்தலிங்கத்தின் குரலுக்கு அம்சவல்லி தலையாட்டினாள். எண்கள் எழுதிய அளவுகோல் ஆடவில்லை. கல்லின் மேலிருந்து அதை நகர்த்திச் சேற்றில் அமுக்கிக்கொண்டிருந்தாள். கீழ்ப்பக்கத்தில் கோல் எவ்வளவு இறங்குகிறதோ, அவ்வளவுக்கு ஓடையின் சரிவு கணக்கில் கூடும். சில நாள் கோல் பிடித்ததில் அவளுக்கு அது பிடிபட்டிருந்தது.

காலடியில் கத்துற ஓடை இரைந்தது. மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து எடுத்தவள் அவள். போன மழையில் இந்த ஓடை அவள் வீட்டுப் பின்சுவரையும் அரிசித் தகரத்தையும் கொண்டுபோனது. எழுபத்தொன்பதாம் ஆண்டில், தோட்டத்து ஓடைகளில் ஒன்றுக்கு மட்டும் வெள்ளம் தடுக்கக் கல்லணைகள் கட்டுவதாக முடிவானது. எந்த ஓடை அதிக ஆபத்தானது என்று அளந்து சொல்ல ஈப்போவிலிருந்து அமிர்தலிங்கம் வந்தார். கோல் பிடிக்க ஆள் கேட்டபோது, கூடையை இறக்கிவிட்டு அம்சவல்லி முன்னால் போய் நின்றாள்.

"இதுக்கு எதுக்குலா கோலு? எது கத்துதோ அதுதான் கெட்டது" என்று கொழுந்துக்காரிகள் சிரித்தார்கள். தோட்டத்தில் ஓடையைக் காதால்தான் அறிந்தார்கள். சத்தமில்லாததற்கு ஊமை ஓடை என்று பெயர். அதில் துணி துவைத்தார்கள். அதன் கரையில் ஆயாக் கொட்டாய் போட்டுக் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டு மலை ஏறினார்கள்.

வேலை முடிந்து கோலை வாங்கியபோது அமிர்தலிங்கம் அதன் அடியைப் பார்த்தார். எண்கள் வரைக்கும் சேறு.

"என்னக்கா, கோலு காலுக்குச் சேத்துச் சப்பாத்து போட்டு விட்டீங்களா?"

அவள் மறுக்கவில்லை. "என் வீட்டை வந்து பாருங்க தம்பி."

"பாத்தேன்."

அவர் லோரியின் முன்மூடியில் வரைபடத்தை விரித்தார். காகிதமெங்கும் நீல நரம்புகள்.

"இது நம்ம மலையா?"

"நம்ம மலைதான். சின்ன ஓடைக்கு நம்பர் ஒண்ணு. ரெண்டு ஒண்ணு சேந்தா ரெண்டு. ரெண்டோட ஒரு ஒண்ணு வந்து சேந்தா, அப்பவும் ரெண்டுதான்."

"ஏன், கூடாதா?"

"தனக்குச் சமமா இன்னொரு ரெண்டு வரணும். அப்பத்தான் மூணு. நம்பர் கூடக் கூடத் தண்ணியும் கூடும்."

அவர் விரல் கத்துற ஓடையில் நின்றது. அதற்குத் தண்ணீர் தரும் நிலம் வெண்டைக்காய் போல நீளமாக இருந்தது. கிளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஊமை ஓடையின் நிலம் தட்டைப் போல வட்டம். நெருக்கமான கிளைகள் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே இடத்துக்கு இறங்கின.

"பெருமழை பெஞ்சா எல்லாத் தண்ணியும் ஒண்ணா வந்து சேரும் இடம் அது. இன்னும் அப்படிப் பெய்யல, அவ்வளவுதான். சரிவு, கிளை, உருவம் எல்லாம் சேத்துத்தான் ஆபத்து வரிசை. ரெண்டு ஓடையும் கிட்டக் கிட்ட நிக்குது. உங்க சேத்தைக் கணக்குல ஏத்துனா உங்க ஓடை முதல்ல வந்துரும். அதனால திரும்ப அளக்கணும்."

அம்சவல்லி கிளைகள் கூடும் இடத்தில் விரலை வைத்தாள். கணுக்கால் தண்ணீரில் நின்று அவள் துணி துவைக்கும் இடம். அத்தனை வருடமும் மலை முழுவதும், ஒரு சத்தமும் இல்லாமல், அவளைச் சுற்றி நின்று அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. படத்தின் முன்னால் தன் செருப்பைக் கழற்றியிருந்ததை அவள் பிறகுதான் கவனித்தாள்.

"இங்க ஆயாக் கொட்டாய் இருக்கு தம்பி."

"படத்துல இல்லியே."

"பிள்ளைங்க இருக்கு." விரலை எடுக்காமலே சொன்னாள். "நாளைக்குக் கோலைக் கல்லு மேல வைக்கிறேன்."

மறுநாள் காலை கத்துற ஓடையைத் திரும்ப அளந்தார்கள். கோல் கல்லின் மேல் நின்றது. மதியத்துக்குள் வேலை முடிந்தது. வரிசையில் ஊமை ஓடை முதலில் வந்தது; கல்லணைகள் அதற்குத்தான். அமிர்தலிங்கம் தானா ராத்தா டவுனுக்குப் போனார். அம்சவல்லி உரச்சாக்குகளில் மண் நிரப்பி வீட்டின் பின்பக்கம் அடுக்கினாள். சாயங்காலம் மழை பெய்தது. தண்ணீர் சாக்குகளைத் தாண்டி உள்ளே வந்தது. அவள் அடுப்பைத் தூக்கிப் பலகை மேல் வைத்தாள்.