ஆதி குரோம்பனிடம் சரணடைந்த காலை

அண்ட சராசரத்தையும் அழிக்கப் புறப்பட்ட ஒரு அரக்கனுக்கு மெட்ராஸ் எலெக்ட்ரிக் ரயில் நிலையம் ஒன்றின் பெயரை வைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவன் பெயர் குரோம்பன். குரோம்பேட்டையில் எங்கள் மாமா வீடு இருந்தது. கோடை விடுமுறைக்கு அங்கே போய்த் திரும்பியதில் அந்தப் பெயரில் ஏதோ ஒரு இரும்புத்தனம் இருப்பதாக எனக்குப் பட்டுவிட்டது.

நாங்கள் இருந்தது ஹைதராபாத்தில், மௌலா அலி குன்றைத் தாண்டி, ஒரு அரசாங்கத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில். அப்பா அங்கே ஃபோர்மேன். அங்கே என்ன தயாரிக்கிறார்கள் என்று கேட்டால் "குழாய்" என்பார். குழாய்க்குள் என்ன போகிறது என்று கேட்டால் "போய்ப் படி" என்பார். அதற்கு மேல் அவரிடம் தகவல் கிடையாது.

வேலை தேடி எங்கள் வீட்டில் தங்கியிருந்த சித்தப்பா ஒரு நாள் என்னைச் செகந்திராபாத்துக்கு அழைத்துப்போய் விண்வெளிச் சண்டைப் படம் ஒன்றைக் காட்டினார். இங்கிலீஷ் படம். யார் யாரை எதற்காகத் துரத்துகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. சித்தப்பாவுக்கும் புரியவில்லை, பட்டதாரி என்பதால் புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார். பாஷை புரியாமல் படம் பார்ப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. கதையை நாமே வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் முதல் காலனி தண்ணீர்த் தொட்டியடியில் நான் கதை சொல்ல ஆரம்பித்தேன். தமிழ், தெலுங்கு, ஹிந்தி மூன்றையும் கலந்து சொன்னால்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும். நட்சத்திரங்களை ஊதி அணைப்பவன் குரோம்பன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் ஆர்வக் கோளாறில் அவனைக் கொன்றுவிட்டேன். கூட்டம் எழுந்து டவுசர் மண்ணைத் தட்டியது.

"கைக்கு மாரா ரே?" என்றான் பக்கத்து வீட்டுப் பையன். ஏன்டா கொன்றாய் என்ற அந்தக் கேள்வியில் உண்மையான துக்கம் இருந்தது.

"இவன் சும்மா பொடியன்," என்றேன் அவசரமாக. "இவனுக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான். மகா குரோம்பன்."

எல்லோரும் திரும்ப உட்கார்ந்தார்கள்.

தொழிலின் சூட்சுமம் அன்றைக்குப் பிடிபட்டது. வில்லன் செத்தால் முன்னால் போகக் கூடாது, பின்னால் போக வேண்டும். மகா குரோம்பனும் ஒரு வாரத்தில் தீர்ந்துபோனான். அவனுக்கும் முந்தியவனாக, சூரியன் பிறப்பதற்கு முன்பே இருட்டில் தனியாக உட்கார்ந்திருந்தவனாக, ஆதி குரோம்பன் வந்தான். அவனுக்கு முகம் எப்படி இருக்கும் என்று சித்தப்பாவிடம் ஆலோசனை கேட்டேன்.

"அவ்வளவு பழைய ஆளுன்னா மூஞ்சி ஏதுடா? எல்லாம் தேஞ்சு போயிருக்கும்" என்றார், வேலைவாய்ப்புப் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆகவே தொட்டிச் சுவரில் சாக்பீஸால் முகமில்லாத ஒரு உருவத்தை வரைந்தேன். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வட்டக் கண்ணாடி. வாயிலிருந்து வயிறு வரை ஒரு தும்பிக்கை. அதற்கு எதிரே நின்று கதை சொல்லும்போது எனக்கே முதுகில் ஏதோ ஊர்ந்தது. அவனைச் சந்திப்பவர்கள் பிழைக்க ஒரே வழிதான் வைத்திருந்தேன். மண்டியிட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, தங்களுக்கு அடுத்துப் பிறந்தவரை அவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். அரக்க வம்சம் இப்படித்தான் பெருகியது என்பது என் சித்தாந்தம். விளையாட்டில் ஒவ்வொரு நாளும் என் தங்கையைக் கொடுத்தேன். கொடுக்கப்பட்டவள் தொட்டிப் படியில் ஏறி ராணி மாதிரி நிற்கலாம் என்பதால் அவளுக்கும் இதில் ஆட்சேபணை இல்லை.

"இன்னிக்கும் என்னையே குடுண்ணா" என்பாள்.

அந்தக் குளிர்காலத்தில் பெரியவர்கள் திடீரென்று மெல்லப் பேச ஆரம்பித்தார்கள். வடக்கே ஒரு ஊரில் ஒரு தொழிற்சாலையிலிருந்து விஷவாயு கசிந்து, தூங்கப்போன ஜனங்கள் அப்படியே போய்விட்டார்கள் என்று பேப்பரில் வந்திருந்தது. அந்தப் பேப்பரை அம்மா மடித்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள். எடுத்துப் பார்த்தேன். வில்லன் படம் எதுவும் இல்லாததால் திரும்ப வைத்துவிட்டேன்.

சில வாரங்கள் கழித்து எங்கள் காலனியிலும் ஒத்திகை நடக்கப்போகிறது என்றார்கள். அப்பா பாதுகாப்புக் குழுவில் இருந்தார். வீடு வீடாகப் போய் விளக்கிவிட்டு, கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்து எனக்கும் விளக்கினார்.

"சங்கு ஏறி ஏறி இறங்கினா ஷிஃப்ட் சங்கு இல்லன்னு அர்த்தம். ஈரத் துண்டை மூக்குல வச்சுக்கிட்டு கம்யூனிட்டி ஹால் முன்னாடி போய் நில்லு. தங்கச்சி கையை விடக் கூடாது. என்ன ஆனாலும் சரி."

"ஹவ்" என்றேன், ஆமாம் என்பதற்குத் தொட்டியடி ஹிந்தியில்.

"ஒழுங்கா சொல்லு."

"சரிப்பா."

ஒத்திகையன்று எல்லாம் ஒழுங்காகவே ஆரம்பித்தது. சங்கு ஏறி இறங்கியது. அம்மா துண்டுகளை நனைத்துக் கொடுத்து எங்களை முன்னால் அனுப்பினாள். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு ஹால் முன்னால் போய் நின்றேன். காலனியே திரண்டிருந்தது. மாமிகள் மூக்கில் துண்டோடு ஊறுகாய் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருப்பது போன்ற ஒரு சூழ்நிலை.

அப்போது ஹாலின் பக்கவாட்டிலிருந்து அவர்கள் வந்தார்கள்.

நாலைந்து பேர். கழுத்து முதல் கால்வரை ரப்பர் அங்கி. முகம் இல்லை. இரண்டு வட்டக் கண்ணாடி. வாயிலிருந்து வயிறு வரை தொங்கும் தும்பிக்கை. முன்னால் வந்தவன் நேராக என்னைப் பார்த்து நடந்து வந்தான்.

இவையெல்லாம் வாயு முகமூடிகள் என்று எந்தக் குழந்தைக்கும் தெரிந்திருக்கும். உண்மையில் அங்கிருந்த எல்லாக் குழந்தைகளுக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை, ஏனென்றால் அவனைப் படைத்தவன் நான். கதை கேட்டவர்கள் சாயங்காலம் அதைத் தொட்டியடியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நான்தான் அதை ஒவ்வொரு நாளும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாயில் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கியவன்.

தங்கையின் கையை உதறினேன். மண்டியிட்டேன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். காதைப் பொத்தினால் சொந்தக் குரல் வெளியே எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்று தெரியாது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. காலனி முழுவதும் கேட்கும்படி கத்தியிருக்கிறேன்.

"ஆதி குரோம்பரே, நான் உங்க அடிமை. எனக்கு அடுத்தவளைத் தர்றேன். எடுத்துக்கோங்க. என்னை விட்டுடுங்க."

கடைசி வரி சடங்கில் கிடையாது. அது நானாகச் சேர்த்தது.

ஊறுகாய்ப் பேச்சு நின்றது. தங்கை என்னை ஒரு தரம் பார்த்தாள். விதிப்படி தன்னைக் கொடுத்தாகிவிட்டது என்பதால் நாலடி முன்னால் போய் அந்த உருவத்தின் விரலைப் பிடித்துக்கொண்டாள். அங்கிருந்து திரும்பி, "அண்ணா, இது அப்பா. ஷூவைப் பாரு" என்றாள்.

சிரிப்பு முதலில் எங்கே கிளம்பியது என்று தெரியவில்லை. எதிர்வீட்டுத் தெலுங்கு மாமி, "பாபம், செல்லெல்னி இச்சேசாடு" என்று மற்றவர்களுக்கு அறிவித்தாள். தங்கையைத் தானம் பண்ணிவிட்டானாம். ஒத்திகை பார்க்க வந்திருந்த பெரிய அதிகாரிகூட துண்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு தோள் குலுங்கினார்.

அப்பா முகமூடியைக் கழற்றினார். வேர்வையில் தலைமுடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. அங்கே அவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை.

"கையை விட்டுட்டியேடா" என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும்.

அதற்குப் பிறகு நான் தொட்டிப் பக்கம் போகவில்லை. போன இடமெல்லாம் பையன்கள் மண்டியிட்டுக் காதைப் பொத்திக் காட்டினார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். வீட்டில் நடந்ததுதான் தாங்கவில்லை. சமையலறையில் அப்பாவும் அம்மாவும் தாழ்ந்த குரலில் பேசுவார்கள். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். அம்மா என் தலையைத் தடவி டம்ளரில் பாலை நீட்டுவாள். இப்படி ஒரு கோழையைப் பெற்றதற்கு என்ன செய்வது என்று ஆலோசிக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. தீர்ப்பும் சீக்கிரமே வந்தது. செகந்திராபாத் பக்கம் மாரெட்பள்ளியில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்க வேண்டும். தங்கையும் கூட வருவாள். என்னைக் கண்காணிக்க அவளை அனுப்புகிறார்கள் என்று புரிந்துகொண்டேன்.

கிளம்பிய காலையில் ஸ்கூட்டரில் அப்பா பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு மாமி வாசலில் வந்து நின்று, பிள்ளைகளை எங்கே அனுப்புகிறீர்கள் என்று கேட்டாள்.

"இவன் அன்னிக்கு ரொம்பப் பயந்துட்டான்மா," என்றார் அப்பா, கயிற்றைப் பார்த்தபடி. "ராத்திரி எல்லாம் அலர்றான். அதான் கொஞ்ச நாள் அக்கா வீட்டுல இருக்கட்டும்னு."

நான் ஒரு ராத்திரிகூட அலறவில்லை. நான் அலறியதாகச் சொல்லுமளவுக்கு அப்பாவுக்கு என்மேல் வெறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

சமையலறையில் அவர்கள் பேசியது என்னைப் பற்றி அல்ல, காற்றைப் பற்றி என்று அம்மா சொன்னது எனக்கே மீசை நரைக்க ஆரம்பித்த பிறகு. ஏதாவது கசிந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கும், எங்கள் வரிசை வீடுகளுக்கு வர எவ்வளவு நேரமாகும், ஈரத் துண்டு நிஜமாகவே எதையாவது தடுக்குமா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாளாம். வீடு வீடாகப் போய்ப் பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னவர் அப்பா. அவரே பிள்ளைகளை வெளியே அனுப்புகிறார் என்று தெரிந்தால் காலனி என்ன ஆகும்? சொல்வதற்கு அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

ஸ்கூட்டரில் முன்னால் நான் நின்றேன். ஹப்சிகுடா வந்ததும் அப்பா ஒரு கடையோரம் நிறுத்தி, தங்கைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் எனக்கு ஒரு பெரிய கிரீம் பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கினார். கோழைக்கு எதற்குப் பெரியது என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

அப்பா என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார்.

"அப்பா மேல கோபமாடா?"

அவர் ஏன் என்னிடம் அதைக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கோபப்பட வேண்டியவர் அவரல்லவா?

"இல்லப்பா," என்றேன். "இனிமே பயப்பட மாட்டேன். என்னை வீட்டுல வச்சுக்கோங்க."

அப்பா முகத்தைத் திருப்பி, போகிற வருகிற லாரிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை என்றுதான் நினைத்தேன்.