ஆறின தழும்பும் ஒரு விசாவும்

என் கொழுந்தனின் நெஞ்சை நான் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். போளூர் பேருந்து நிலையத்தில் மலைக்குப் போகும் வண்டிக்குக் காத்திருந்த நேரம். பழுப்பு உறையிலிருந்து எக்ஸ்ரே படத்தை உருவி, "இந்தா அண்ணி, என் அழகைப் பாரு" என்று அவன்தான் என் கையில் கொடுத்தான். நாலு பேர் பார்க்கிற இடத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் பார்த்தேன். வரிவரியாக விலா எலும்பு, இடையிடையே கறுப்பு. வலப்பக்கம் மேலே, மாவு தொட்ட கட்டைவிரலை அழுத்தி எடுத்ததுபோல் ஒரு வெளுப்பு. அந்த வெளுப்பு இருப்பதால் அவனை வளைகுடா நாட்டுக்கு வேலைக்கு எடுக்க மாட்டோம் என்று சென்னையில் சொல்லிவிட்டார்கள்.

அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். இருபது வயதில் அவனுக்கு டி.பி. கண்டது. மாமியார் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் வீட்டில் பெண் என்று நான் ஒருத்திதான். விடிந்ததும் மாத்திரையையும் சொம்புத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போய் அவன் முன்னால் நிற்பேன். அவன் முழுங்கி வாயைத் திறந்து காட்டும்வரை நகர மாட்டேன். அந்த மாத்திரைக்குச் சிறுநீர் சிவந்து போகும். ரத்தம்தான் போகிறது என்று பயந்து ஒரு வாரம் மாத்திரையைப் புளியமரத்தடியில் புதைத்துக்கொண்டிருந்தான். கண்டுபிடித்த பிறகு அவனை நான் நம்பவே இல்லை. "இது அண்ணி இல்ல, போலீசு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஆறு மாதத்தில் குணமானான். அதன் பிறகு கல்யாணம், ஒரு பெண் குழந்தை, சாமைக் கொல்லை, புளி உலுக்குவது என்று வருஷங்கள் ஓடின. இருமல் என்பதே மறந்துபோயிற்று.

வெளிநாடு போக வேண்டும் என்று அவனுக்கு ஏன் தோன்றியது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் மலையில் புளி முடிந்தால் வேலை இல்லை. அந்த நேரம் பார்த்து மேஸ்திரி வருவார். ஆந்திரா காட்டில் செம்மரம் வெட்ட ஆள் கூப்பிடுவார். கொழுந்தன் பெண்டாட்டியான என் ஓரகத்தியின் கூடப்பிறந்த அண்ணன் அப்படிப் போனவர்தான். அங்கே போலீஸ் சுட்டு, துணி சுற்றித்தான் திரும்பி வந்தார். அன்றைக்கே அவள் புருஷனிடம் சொல்லிவிட்டாள்: "காயிதம் இல்லாத வேலைக்கு நீ போனா, நீ வரும்போது நான் இந்த வூட்டுல இருக்க மாட்டேன்." அவனும் அதைப் பிடித்துக்கொண்டான். தன் பேரும், தான் கூலிக்காரன் என்பதும் எழுதியிருக்கிற ஒரு காகிதம் வேண்டும், அதைக் காட்டினால் யாரும் தன்னைச் சுடக்கூடாது, அவ்வளவுதான் அவன் கேட்டது.

கணியம்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு ஏஜென்ட் வந்துபோய்க்கொண்டிருந்தார். கட்டட வேலை, முறையான வேலை விசா, முதலில் உடம்புப் பரிசோதனை என்றார். ஓரகத்திக்குக் கொண்டை ஊசி வளைவு இறங்கினாலே வாந்தி வரும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் என்று என்னைச் சென்னைக்குத் துணையாக அனுப்பினார்கள். பரிசோதனைக் கூடத்தில் இரும்பு நாற்காலிகளில் பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கையிலும் பாஸ்போர்ட். அவன் முறை வந்து படம் எடுத்து முடித்ததும், அங்கிருந்த பெண் தகுதி இல்லை என்று எழுதிய ஒரு சீட்டைத் தள்ளினாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்களே. புளி மூட்டையை மலை மேல தூக்கினு ஏர்றவன் நான்" என்றான்.

"நோய் இருக்குன்னு நானும் சொல்லலையே சார். பழைய தழும்பு இருக்கு. தழும்பு இருந்தாலும் எடுக்கக் கூடாதுன்றது அந்த நாட்டு ரூல்."

பெரியாஸ்பத்திரிக்குப் போய் வேறு படம் எடுத்தோம். அங்கே டாக்டர் அதை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அடுப்பு அணைந்த இடத்தில் கரி தெரிகிற மாதிரிதான் இது, உள்ளே நெருப்பு இல்லை என்று சொல்லி, அப்படியே எழுதியும் கொடுத்தார். பரிசோதனைக் கூடத்தில் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. மலை ஏறும் வண்டியில் அவன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்தான். அத்திமூர் தாண்டியதும், "நல்ல வேளை அண்ணி, அந்தப் படத்துல தழும்பு மட்டும்தான் தெரியுது. எம் பொஞ்சாதி திட்டுனதெல்லாம் தெரிஞ்சிருந்தா ஊரை வுட்டே வெரட்டியிருப்பாங்க" என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அடுத்த முறை ஏஜென்ட் வந்தபோது புது வழி சொன்னார். விசிட் விசா. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுப்பது. அதற்கு நெஞ்சைப் படம் பிடிக்க மாட்டார்களாம்.

"அங்க போய் எறங்கினதும் கம்பெனிக்காரன் வேலை விசாவா மாத்திக் குடுப்பான்பா. பாதிப் பேரு இப்பிடித்தான் போறான்."

கொழுந்தன் கேட்டான்: "மாத்தும்போது படம் புடிப்பாங்களே. அப்ப இன்னா பண்றது?"

"இன்னாப்பா நீ, ஏர்றதுக்கு முன்னாடியே எறங்குறதப் பத்திக் கேக்குற. அங்க நம்ம ஆளு இருக்கான், பாத்துப்பான்."

அந்த வாரம்தான் மேஸ்திரியின் வண்டி இரண்டு முறை எங்கள் தெருவுக்கு வந்து போயிருந்தது. ஓரகத்தி என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "இதுவும் காயிதம்தானே?" என்றாள். ஏஜென்ட், "கவருமெண்டு காயிதம்மா" என்றார். அவன் போனான்.

அங்கே இறங்கிய இரண்டாவது மாதம் கம்பெனியில் படம் பிடித்தார்கள். தழும்பு அங்கேயும் தெரிந்தது. விசா மாற்ற முடியாது, ஊருக்குப் போ என்று சொல்லி வெளியே அனுப்பிவிட்டார்கள். அவன் வரவில்லை. வந்தால் மேஸ்திரி வண்டிதான் என்று அவனுக்குத் தெரியும். காகிதம் இல்லாதவர்களாகச் சேர்ந்து தங்கியிருந்த ஒரு அறையில் போய் ஒட்டிக்கொண்டு, அன்றன்றைக்குக் கிடைக்கும் சிமெண்ட் வேலைக்குப் போனான். விசாவின் நாள் முடிந்தது. அதன் பிறகு அந்த ஊரில் அவன் இருப்பதே குற்றம்.

எங்கள் பக்கம் பாறை மேல் ஏறினால்தான் போனில் டவர் கிடைக்கும். வெள்ளிக்கிழமைகளில் ஓரகத்தியும் அவள் மகளும் நானும் ஏறி உட்காருவோம். பேச்சுக்கு நடுவில் அவன் போனின் வாயைக் கையால் பொத்துவான். பொத்தினாலும் கேட்கும். ஓரகத்தி கேட்டால், "ஏசி காத்து ஒத்துக்கல" என்பான். எனக்கு அந்த இருமல் தெரியும். ஒரு நாள் போனை வாங்கி, "ஆஸ்பத்திரிக்குப் போப்பா" என்றேன்.

"போனா மொதல்ல கார்டு கேப்பாங்க அண்ணி. நெஞ்சைப் பாத்தா அப்பிடியே ஜெயிலு."

"அப்ப வந்துடு."

"மன்னிப்பு வுடப் போறாங்கன்றாங்க. காயிதம் இல்லாதவங்க எல்லாரையும் ஃபைன் இல்லாம அனுப்புவாங்களாம். அப்ப வர்றேன். மாத்திரையை எடுத்து வை போலீசம்மா."

மன்னிப்பு வந்தது. அதற்கு முன் அவன் போய்விட்டான். கூட இருந்தவன் ஒருவன் போனில் சொன்னான். ரத்தமாக இருமியிருக்கிறான். தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் படுக்க வைத்துவிட்டு இவர்கள் ஒதுங்கிவிட்டார்களாம், இவர்களிடமும் காகிதம் இல்லையே. அதைச் சொல்லும்போது அந்தப் பையன் அழுதான். அவனை நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

பெட்டி வர வெகு நாள் ஆயிற்று. திறந்தபோது முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, கையைத்தான் பார்த்தேன். உள்ளங்கை பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் சிமெண்ட் ஏறி இறுகியிருந்தது. நகக்கண்ணிலும் அதே சாம்பல் நிறம். ஓரகத்தி ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. அப்படியே அடக்கம் செய்தோம்.

வெளிநாட்டில் வேலைக்குப் போய் இறந்தவர் குடும்பத்துக்கு அரசாங்கத்தில் உதவி உண்டு என்று யாரோ சொல்ல, அவளும் நானும் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். வழியெல்லாம் அவள் வாந்தி எடுத்தாள். அதிகாரி நல்ல மாதிரிதான், உட்காரச் சொன்னார். விசாவைப் பார்த்துவிட்டு, அதில் ஒரு சொல்லைப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினார்.

"இவரு வேலைக்குப் போகலைம்மா. ஊர் சுத்திப் பாக்கப் போயிருக்காரு. இது தொழிலாளி கணக்குல வராது."

ஓரகத்தி அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவரு கையை நீங்க பாத்திருக்கணும்ங்க" என்றாள்.

"கையைப் பாத்து எழுத முடியாதும்மா. விசாவைத்தான் பாக்க முடியும்."

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல்லின் உருவம் மனதில் நின்றுவிட்டது. முதலில் கவட்டை, நடுவில் பாம்பு, கடைசியில் கம்பத்தின் தலையில் குறுக்குக் கட்டை. ஓரகத்தி போகிற வருகிற பெண்களிடம் சொல்லி வைத்துவிட்டாள். இப்போது யார் வீட்டுக்காவது விசா வந்தால் போனோடு என்னிடம் வருகிறார்கள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் தேடுவது அந்த ஒரு சொல்லை மட்டும்தான்.

போன மாதம் கீழ்த்தெருப் பெண் ஒருத்தி இடுப்புக் குழந்தையோடு வந்தாள். போனை நீட்டி, "எங்க வூட்டுக்காரருக்கு வந்திருக்கு பெரீம்மா, நல்ல விசாவா பாரு" என்றாள். மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். இருந்தது. அதன் மேல் விரலை வைத்து, "இது வேலைக்குப் போற விசா இல்லம்மா" என்றேன். என் விரலை எடுத்துவிட்டு அவள் குனிந்து பார்த்தாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"காலையில மெட்ராஸ் பஸ் ஏறிட்டாரு பெரீம்மா" என்றாள்.