பன்னிரண்டாம் உறுப்புரையும் ஒரு லயத்து வீடும்

நுவரெலியாவில் ஆசிரியர்களுக்கு நான் நடத்திய பயிற்சி. அரசியலமைப்பின் பன்னிரண்டாம் உறுப்புரை: சட்டத்தின் முன் எல்லோரும் சமம், சட்டத்தின் பாதுகாப்பும் எல்லோருக்கும் சமம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பாடத்தை நாடகமாக நடிக்கவைப்பது என் வழக்கம்.

கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையின் இளம் ஆசிரியை தொழிலாளியாக வந்தார். மீசைக்கார ஆசிரியர் ஒருவர் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை. துரையின் மேசையை நெருங்கியதும் ஆசிரியை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"ஐயா, அம்மாவுக்கு முடியலைங்க. இனி கொழுந்து பறிக்க மலைக்குப் போகமாட்டாங்க. வீட்ட மட்டும் விட்டுருங்க."

"குடும்பத்துல ஒருத்தர் பேர் தோட்ட வேலையில இருந்தாத்தான் வீடு. வேற யாரு இருக்கா?"

மீசைக்காரருக்கும் நான் வசனம் எழுதிக்கொடுக்கவில்லை. அவரும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர்தான்.

"தங்கச்சி ஒருத்திதாங்க. ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறா."

தேநீர் இடைவேளையில் ஆசிரியை என்னிடம் வந்தார்.

"சேர், அது நடிப்பு இல்லைங்க. அடுத்த மாசத்துக்குள்ள வேலைக்கு ஒரு பேர் கொடுக்கச் சொல்லிட்டாங்க. டவுன்ல வாடகைக்குப் போக என் சம்பளம் பத்தாது. இந்தப் பன்னிரண்ட வச்சு கேஸ் போடலாமா?"

அடிப்படை உரிமை வழக்கு அரசின் செயலுக்கு எதிராகத்தான் போகும். அந்தத் தோட்டமோ தனியார் கம்பெனி கையில். காலை முழுவதும் "எல்லோருக்கும்" என்று தொண்டை கிழியக் கத்திய வாயால் இதைச் சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன். தொழிற்சங்கத்தில் பேசிப் பாருங்கள் என்றும் சொன்னேன்.

"பேசிட்டோம் சேர்."

சட்டத்தின் மேல் ஆத்திரமாக வந்தது. ஆத்திரப்பட்டு என்ன செய்ய? அவர் பிளாஸ்டிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வகுப்புக்குப் போனார்.

சில மாதம் கழித்து அவர் பாடசாலைக்குப் பாடம் பார்வையிடப் போனேன். அதே பன்னிரண்டாம் உறுப்புரை. பிசிறில்லாமல் எடுத்தார். பிள்ளைகள் போட்டி போட்டுக் கை உயர்த்தினார்கள். குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. வீட்டு விஷயத்தைக் கேட்க வாய் வரவில்லை, அவரும் சொல்லவில்லை.

பஸ்ஸுக்கு இறங்கி நடந்தேன். பாதையோரம் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களில், பள்ளிக்கூட வயதில் ஒருத்தி கூப்பிட்டாள்.

"சேர், எங்கக்கா பாடம் நல்லா எடுத்தாங்களா?"

"ரொம்ப நல்லா எடுத்தாங்கம்மா."

அவள் முகம் மலர்ந்தது.

"எனக்கும் அது முழுசாத் தெரியும் சேர். என்னைய உக்காரவச்சுத்தானே வீட்டுல எடுத்துப் பழகினாங்க."