சூட்டறையில் வெடித்த பூவரசு

நேற்று ஒரு தச்சுப்பட்டறையைக் கடக்கையில், பச்சை மரம் சூடேறும் புளித்த வாடை என்னை எண்பதுகளின் இராஜபாளையத்துக்கு, பேண்டேஜ் துணியை உலர்த்தும் சித்தப்பாவின் சூட்டறைக்கு இழுத்துச் சென்றது.

எல்லாம் தெரிந்தவராகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டவர் சித்தப்பா. தம் மகளின் கல்யாணக் கட்டிலுக்காக அவர் கொல்லைப் பூவரசை வெட்டியபோது, அதைப் பலகையாய் அறுத்த ஸ்ரீவில்லிபுத்தூர் சூசை ஆசாரி வெட்டுமுகத்தை ஈரத்துணியால் துடைத்து, கருஞ்சிவப்பு வயிரத்தை விரலால் அளந்து, பலகை முனைகளில் வெடிக்காதிருக்கச் சாணி மெழுகிவிட்டு, "ஆறு மாசம் நெழல்ல கெடக்கணும் மொதலாளி" என்றார்.

"என்னவே ஆசாரி, ஈரத்துணிய அரைமணியில காயவைக்கிறவன் நான். எனக்கே சொல்லித் தாரீராக்கும்?"

சூட்டறையில் அவர் அடுக்கிய மூன்றே நாளில் பலகைகள் சுட்ட அப்பளமாய் முறுக்கி, விரல் நுழையுமளவு வெடித்தன. ஆசாரி அறுத்ததில்தான் கோளாறு என்று அம்மேதை தெரு முழுவதும் பரப்பினார். அத்தெருவில் ஆசாரிக்குப் பேசியிருந்த வேலைகள் ஒவ்வொன்றாய்க் கைநழுவின.

உளிப்பையை எடுக்க வந்த ஆசாரி, வெடிப்பைத் தடவிப் பார்த்தார். கூடியிருந்த தெருக்காரர்கள் காதில் விழும்படி, தினமும் சூட்டறைக்குச் சித்தப்பாவின் சாப்பாட்டைக் கொண்டுபோன என்னிடம், "பாப்பா, நீ சொல்லு தாயி. பலக நெழல்லயா கெடந்துச்சு?" என்றார்.

சித்தப்பா வீட்டுச் சோற்றில் வளர்ந்தவள் நான். "நெழல்லதான்" என்றேன்.

சித்தப்பாவை ஏளனம் செய்யும் தகுதியை அன்றே இழந்தேன், ஆனாலும் செய்கிறேன்.