வழுக்கியது பெல்ட், மலையேறியது வடிவம்மா

ஒரு பெண்ணுக்குத் தாலி இல்லை என்பது தோல் பெல்ட்டுக்குத் தெரியுமா? தெரியும் என்று இலங்கை மலைநாட்டில் பன்விலப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தீர்ப்பாகிவிட்டது. அதுவும் 1966இல், சந்திரனில் மனிதன் கருவியை இறக்கிய ஆண்டில்.

வடிவம்மா அங்கே ஆறு வருடமாகத் தேயிலையில் காம்பு பொறுக்கினாள். கொழுந்தெடுக்கும்போது சரிவில் விழுந்து முழங்கால் முறிந்தபின், கெஞ்சிப் பெற்ற உட்கார்ந்த வேலை அது. கணவர் இறந்துவிட்டார். அவளுக்கு எதிரே, எஞ்சினின் சக்கரத்திலிருந்து இலை சுருட்டும் ரோலரின் சக்கரத்துக்குப் பெல்ட் ஓடும். பள்ளிக்கூடம் காணாத அவள் அதைப் பார்த்தே படித்துக்கொண்டாள்: இழுக்கிற பக்கம் விறைக்கும், மறுபக்கம் தொய்யும். பெல்ட் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் வரைதான் எஞ்சினின் பலம் ரோலருக்குப் போகும். பிடி விட்டால் எஞ்சின் என்னதான் உறுமினாலும் இலை சுருளாது.

ஆயுத பூசை வந்தது. எஞ்சின்காரர் அழகையா பக்தி பொங்கச் சக்கரங்களுக்கு எண்ணெய் பூசி மினுக்கி, சந்தனத்தையும் குழைத்து அப்பினார். மறுநாள் எஞ்சின் ஓடியது, ரோலர் நின்றது. பெல்ட் கீச்சிட்டு வழுக்கியது. கொழுந்து குவிந்து புளித்தது.

ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் வீரசிங்கம் விஞ்ஞானம் படித்தவர். ஆகவே நேரே காரணத்துக்கு வந்தார்.

"பூசையில முன்னுக்கு நிண்டது ஆர்?"

"வடிவம்மாங்க" என்றார் அழகையா, சக்கரத்தின் பக்கம் திரும்பாமல்.

வீரசிங்கம் அவள் பக்கம் திரும்பினார். "தாலியில்லாதவள் முன்னுக்கு நிண்டா மெசின் ஓடுமே? நாளைக்கே நீ கொழுந்தெடுக்க மலைக்குப் போ!"

"காலு ஏறாதுங்கய்யா. எண்ணெக் கையால ஒரு கயித்தப் புடிச்சு இழுத்துப் பாருங்க, நிக்குதான்னு. அந்தச் சக்கரத்தத் தொடைக்கச் சொல்லுங்க."

"எனக்கே மெசின் படிப்பிக்கிறியோ?"

"அழகையாண்ணே, நீங்கதான பூசுனீங்க! வாயத் தொறங்கண்ணே!"

அண்ணனுக்குத் திடீரென்று எஞ்சினடியில் அவசர வேலை வந்துவிட்டது.

பரிகாரத்துக்குப் பூசாரி வந்தார். தீட்டுப்பட்ட பழைய பூசையின் சுவடே இருக்கக் கூடாது என்று கட்டளையிட்டார். சக்கரத்தையும் பெல்ட்டையும் மண்ணெண்ணெயால் தேய்த்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, உலரத் துடைத்தார்கள். பிறகு தேங்காய் உடைத்தார்கள். பெல்ட் கவ்வியது, ரோலர் சுற்றியது. பரிகாரம் பலித்துவிட்டதாம்! மண்ணெண்ணெய்க்கு யாரும் ஒரு கும்பிடுகூடப் போடவில்லை. வடிவம்மாவின் குற்றம் மட்டும் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமானது.

இப்போது அவள் தடியை ஊன்றி மலையேறுகிறாள். கொழுந்து நிறுக்குமிடத்துக்குக் கடைசியாக வந்து சேருகிறாள். முழங்கால் பூசணிக்காயாக வீங்கியிருக்கிறது.

அவளை மீண்டும் ஸ்டோரில் எடுக்கக் கேட்டு ஒரு மனு எழுதி, பன்விலக் கடைவீதியில் பாரூக் நானாவின் தையற்கடையில் வைத்திருக்கிறோம். எண்ணெய் பூசியதைக் கண்ணால் கண்டவர்கள் நாற்பது பேர். மனுவில் இருக்கும் ஒப்பங்கள் இரண்டு. அவற்றில் ஒன்று அவளுடைய கைநாட்டு, மற்றது இதை எழுதும் என்னுடையது. அன்று நீங்களும் அங்கே கைகூப்பி நின்றவர் என்றால், ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து, கண்டதைக் கண்டபடி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.